பதினான்கடி வாசல்

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கான்கிரீட் வண்டிகள் வரப்போகின்றன. வெல்டாவுக்குக் கைவசம் இருந்தது அந்த ஒரு பிற்பகல்தான்.

ஓக்லஹோமாவில் எங்கள் பக்கம் இப்போதெல்லாம் கொட்டகை வீடுதான் கட்டுகிறோம். நீளமாக ஒரே தகரக் கூரை போட்டு, அதில் முக்கால் பங்கை டிராக்டருக்கும் வைக்கோல் கட்டும் இயந்திரத்துக்கும் ஒதுக்குவோம். மிச்சத்தை ஓரமாகத் தடுத்து நாங்கள் குடியிருந்துகொள்வோம். ஆலங்கட்டி மழையில் மனிதன் நனைந்தாலும் நனையலாம், டிராக்டருக்கு ஒரு கீறல் விழக்கூடாது. இந்தப் புத்தி எங்கள் எல்லோருக்கும் உண்டு. வெல்டாவின் கணவன் ஆர்லிஸ் பிக்ஸ்பிக்கு ஒரு பிடி அதிகம்.

அவர்கள் வசந்தத்தில் டவுன் வீட்டை விற்றார்கள். ஆர்லிஸின் அப்பா விட்டுப்போன நிலத்துக்கு வந்து, சக்கரம் வைத்த இழுவை வீடு ஒன்றில் தங்கிக்கொண்டு, வரைபடம் போட்டார்கள். ஜூலையில் ஆர்லிஸின் வலது கால் தடுக்கத் தொடங்கியது. தசைகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே போகும் வியாதி, மருந்து கிடையாது, கிறிஸ்துமஸுக்குள் சக்கர நாற்காலி தேவைப்படும் என்றார் டாக்டர். வீடு திரும்பும் வழியில் ஆர்லிஸ் ரேடியோவைச் சத்தமாக வைத்தான். அதற்குப் பிறகும் வரைபடத்தில் ஒரு கோடு மாறவில்லை. டிராக்டருக்குப் பதினான்கடி உயர வாசல். குளியலறைக்கு இரண்டடிக் கதவு.

இப்போது அது தாளில் இருந்து தரைக்கு வந்துவிட்டது. கெட்டிப்படுத்திய சரளைப் படுகையில் சுவர்கள் வரும் இடமெல்லாம் ஆரஞ்சு வண்ணத்தில் கோடு. குழாய் வேலைக்காரன் டாயல் பதித்துவிட்டுப் போன கழிவுக் குழாய்கள் அங்கங்கே தலைநீட்டி நின்றன. கான்கிரீட் விழுந்துவிட்டால் அவற்றை அசைக்க முடியாது. தேதியைத் தள்ளிப்போட்டாலோ பனி பிடித்துவிடும். அந்தக் குளிரை இழுவை வீட்டின் நாலு படிகளோடு கழிக்க வேண்டும். அந்தப் படிகளை ஆர்லிஸ் இப்போதே உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குகிறான்.

"ஆர்லிஸ், கடைசியாக் கேக்கறேன். டிராக்டர் பக்கத்துல இருந்து ஆறடி குடு. குளியலறையைப் பெருசாக்கிக்கலாம். டாயலைக் கூப்பிட்டா இன்னைக்கே மாத்திக் குடுப்பான்."

"ஆறடி போனா டிராக்டர் எங்க நிக்கும்? உன் மடியிலயா?"

"நாற்காலி திரும்ப அஞ்சடி வேணும்ப்பா."

"இருபத்தேழு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டுனவ இல்ல, எங்க பாத்தாலும் உனக்கு பஸ்ஸைத் திருப்ப இடம் வேணும்." அவன் கைத்தடியை எடுத்துக்கொண்டான். "இங்க பாரு, நடந்து காட்டறேன். ரெண்டடிக் கதவு எங்கப்பனுக்குப் போதுமா இருந்துச்சு, எனக்கும் போதும்."

வண்ணக் கோட்டில் கதவு வரும் இடைவெளி வழியாக அவன் பக்கவாட்டில் நுழைந்தான். நுழைந்தவன் ஜெயித்துவிட்ட மிதப்பில் திரும்பினான். கைத்தடி சரளையில் வழுக்கியது. ஆள் குழாயில் இடுப்பு இடித்து, மடிந்து, கதவுக்கு உள்பக்கம் குறுக்கே விழுந்தான்.

வெல்டா பதறி ஓடினாள். கோட்டருகே வந்ததும் நின்றுவிட்டாள். அதைத் தாண்டாமல் முட்டி போட்டு உட்கார்ந்தாள். அவளுக்கே தன் நெஞ்சழுத்தத்தை நம்ப முடியவில்லை.

"கையைக் குடுடி," என்றான் ஆர்லிஸ்.

"முடியாது. நான் கதவுக்கு இந்தப் பக்கம் இருக்கேன்."

"என்ன வெளையாட்டு இது."

"கதவு உள்பக்கமாத் தெறக்குது. நீ அதை அடைச்சுக்கிட்டு விழுந்து கெடக்கே. நான் வெளிய நின்னு தள்றேன், தள்ளத் தள்ள உன் விலாவுல இடிக்குது. நீ உள்ள கத்தறே. சொல்லு, நான் எப்படி உள்ள வர்றது?" அவள் குரல் உடைந்தது. "மூணு மாசமா இதே கனவுதான் எனக்கு. உன் வீம்புக்கு நான் கதவுக்கு வெளிய ஒக்காந்து சாகணுமா?"

ஆர்லிஸ் காலை இழுத்துப் பார்த்தான். அது குழாய்க்குப் பின்னால் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. அவன் எங்கோ டிராக்டர் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டு கிடந்தான். வெல்டாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. கோட்டைத் தாண்டிப்போய் அவன் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். பாதி உயரம் வந்து இருவரும் மறுபடி உட்கார்ந்தார்கள். இரண்டாம் தடவை அந்த அளவுகூட எழ முடியவில்லை.

"போனை எடு," என்றான் ஆர்லிஸ்.

அவள் டாயலின் எண்ணைப் போட்டுக் கொடுத்தாள்.

"டாயல், நாந்தான். கழிவறைக் குழாயை எடுத்து மாத்தி வைக்கணும். இன்னைக்கே."

"என்னண்ணே, வெளையாடறீங்களா? காலையில கான்கிரீட்டு. ஒரு மாசமா அண்ணி கெஞ்சுனப்ப மாட்டேன்னீங்க."

"சுவரை டிராக்டர் பக்கமாத் தள்றோம். ஆறடி."

"அப்ப டிராக்டரு?"

"வெளிய நிக்கட்டும். எனக்குச் சக்கர நாற்காலி வரப்போகுது, டாயல். அது உள்ள போய்த் திரும்பணும்."

கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்றான் டாயல்.

"இல்லடா. இப்பவே வா. நான் இங்க விழுந்து கெடக்கேன். அவளால தூக்க முடியல."

போனை வைத்ததும் அவன் வெல்டாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்குப் பயமா இருக்கு," என்றான்.

"எனக்கும்தான்ப்பா."

அவனைத் தனியே படுக்க விட மனமில்லாமல் அவளும் அந்தச் சரளையிலேயே, குழாயை ஒட்டி உடம்பைக் குறுக்கிக்கொண்டு பக்கத்தில் படுத்தாள். டாயல் வந்துசேர நாற்பது நிமிடம் ஆயிற்று.