சட்டம் போட்டு மாட்டிய கடிதம்

அத்தானுக்கு வயது ஐம்பத்தேழு. தொழில், மூக்குக்கண்ணாடி செய்து விற்பது. கடை பத்தடி அகலம், பதினெட்டடி நீளம். இருபத்து மூன்று ஆண்டுகளாக வாடகை. மனைவி, அதாவது என் அக்கா, பள்ளி அலுவலகமொன்றில் எழுத்தர். அத்தான் வங்கிக்கடன் வாங்கியது ஒரே முறை, லென்ஸ் அறுக்கும் இயந்திரத்துக்காக, முப்பத்தாறு தவணை. இவை அனைத்துக்கும் நான் பராமரிக்கும் குடும்பக் கோப்புகளில் தாள் உண்டு. இனி வருபவற்றில் என் அபிப்பிராயமும் கலந்திருக்கலாம்.

டீக்குக் காசு கொடுத்தாலும் 'செட்டில்' என்று சொல்லிவிட்டே நகர்வார். அக்காவுடனான வாக்குவாதங்களையும் அதே சொல்லால்தான் முடிப்பார், தோற்றவர் அவராகவே இருந்தாலும். ஆகவே குடும்பத்தில் அவர் செட்டில் அத்தான்.

முப்பத்தைந்து தவணைகளை நாள் பிசகாமல் கட்டியவர், கடைசித் தவணையை இரண்டு நாள் தாமதமாகக் கட்டினார். வங்கி அபராதம் விதித்தது. கட்ட மாட்டேன் என்று அத்தான் முறுக்கிக்கொண்டார். மாதங்கள் ஓட, அபராதம் வளர்ந்து 1,140 ஆயிற்று. கடைசியில் வங்கி அதிகாரியே அழைத்தார்.

"முழுசா கட்டினா 'க்ளோஸ்டு'னு போடுவோம் சார். பாதிதான் கட்டுவேன்னா 'செட்டில்டு'னு வரும்."

"பாதியும் குறைச்சு, செட்டில்னும் எழுதித் தர்றீங்களா?" அத்தானுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

"சார், நல்லா யோசிச்சுக்குங்க."

"யோசிக்க என்ன இருக்கு. கொஞ்சம் பெரிய எழுத்தா போடுங்க."

570 கட்டிப் பெற்ற அந்தக் கடிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கடையில் கண் சோதிக்கும் எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் மாட்டினார். புதுக் கண்ணாடி அணிந்தவர்கள் பலகையின் கடைசி வரியைப் படித்த பிறகு இதையும் படித்துக்காட்ட வேண்டும். வங்கியையே வழிக்குக் கொண்டுவந்த கதை அதன்பின் இலவசம்.

இது நடந்து இரண்டே முக்கால் ஆண்டில், கட்டட உரிமையாளர் கடையை விற்க முடிவு செய்தார். "உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன். மாசக் கடைசி வரைக்கும் பொறுப்பேன். அப்புறம் பக்கத்துச் செருப்புக்கடைக்காரர் ரெடியா இருக்கார்" என்றார். மாதக் கடைசிக்குப் பதினெட்டு நாள் இருந்தது. அத்தான் கவலைப்படவில்லை. சுவரிலிருந்து கடிதத்தைக் கழற்றித் துடைத்து, பையில் வைத்துக்கொண்டு என்னுடன் வங்கிக்கு வந்தார்.

கடன் பிரிவிலிருந்த பெண் திரையைப் பார்த்தார். "சார், உங்க பேர்ல ஒரு 'செட்டில்டு' இருக்கு."

"தெரியும்மா. ஒரிஜினலே கொண்டாந்திருக்கேன்." சட்டம் மேசைமேல் ஏறியது.

அந்தப் பெண் அதையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். "அதனாலதான் சார் கடன் தர முடியாது. செட்டில்டுனா, நீங்க முழுசா கட்டல, மிச்சத்தை நாங்க கைகழுவிட்டோம்னு அர்த்தம்."

"நாம பேசுற பாஷையில செட்டில்னா முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம்மா."

"கம்ப்யூட்டர் அந்த பாஷை பேசாது சார். மிச்சம் 570-ஐ இப்ப கட்டினாலும் ரெக்கார்டு மாற மாசக்கணக்காகும். பழைய பாக்கிக் குறிப்பு, செட்டில் ஆன நாள்லேருந்து ஏழு வருஷம் நிக்கும்."

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்துவிட்டார். அக்கா என்னைப் பார்த்து, "தம்பி, அந்த நீல ஃபைலை எடுத்துட்டு வா" என்றாள்.

அதன் முதுகில் 'பழைய மின்கட்டண ரசீதுகள்' என்று எழுதியிருந்தது. அக்காவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நான் எழுதிய ஒரே பொய்த் தலைப்பு அது. உள்ளே ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், லேப்டாப் ஆகிய மூன்றுக்குமான தவணைத் தாள்கள். ஒரு நாள் தாமதம் இல்லை. அக்காவின் கடன் மதிப்பெண் 900-க்கு 791. அந்த மூன்று பொருள்களும் அலுவலகக் குலுக்கலில் விழுந்தவை என்றே அத்தான் ஒன்பது ஆண்டுகளாக நம்பியிருந்தார். தன் மனைவி அதிர்ஷ்டக்காரி என்று ஊரெல்லாம் சொல்லியுமிருந்தார்.

"மூணும் குலுக்கல்ல விழுந்துச்சுன்னியே?"

"விழுந்துச்சுதான். மாசாமாசம் அஞ்சாந்தேதி என் சம்பளத்துல விழுந்துச்சு. வீட்டுச் சாமானுக்குத் தவணைன்னு சொன்னா வாசப்படி ஏத்தியிருப்பீங்களா?"

மறுநாளே அக்கா தன் பெயரில் விண்ணப்பித்தாள். பதினான்காம் நாள் அக்காவின் பெயரில் கடன் கிடைத்தது. பத்திரமும் அக்காவின் பெயரிலேயே பதிவாயிற்று. பதிவு அலுவலகத்தை விட்டு வெளியே வந்ததும் அத்தான் மெல்லக் கேட்டார், "இனிமே வாடகை கிடையாதுதானே?"

"உண்டு. கடன் தவணையை யார் கட்டுறது? அஞ்சாந்தேதி குடுத்துடுங்க. ரெண்டு நாள் லேட்டானா அபராதம்."

மறு வாரமே அத்தான் வங்கியில் மீதி 570-ஐக் கட்டினார். எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் இப்போது ஆணி மட்டும் இருக்கிறது. டீக்கடையில் காசு கொடுத்துவிட்டு அவர் 'க்ளோஸ்டு' என்கிறார்; முதல் நாள் டீக்கடைக்காரர் திரும்பி ஷட்டரைப் பார்த்தாராம். பாக்கிக் குறிப்பு அழியும் நாளை நீலக் கோப்பில் குறித்து வைத்திருக்கிறேன். தலைப்பையும் திருத்திவிட்டேன்.

இன்னும் நான்கு ஆண்டு, இரண்டு மாதம்.