எஸ்தர் டீச்சருக்கு வந்த ஒருவரி உத்தரவு

ஒப்பீட்டு நிர்வாகச் சட்ட ஆராய்ச்சி என்பது, ஒரு நாட்டு அதிகாரி குடிமக்களை எந்த விதிப்படி அலையவிடுகிறார், இன்னொரு நாட்டு அதிகாரி எந்த விதிப்படி அலையவிடுகிறார் என்று நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிற தொழில். சென்னைக்கும் ஆந்திராவுக்கும் நடுவே எல்லை மாறிய சமயத்தில் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஒரு கடுதாசிக்காக ஆபீஸ் வராந்தாவில் கால் மாற்றி மாற்றி நின்றவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே கட்சி, மேலே படியுங்கள்.

தலைப்பு

சர்க்கார் மேல் வழக்குப் போட பிரான்சில் தனிக் கோர்ட்டு உண்டு. அது நமக்கு ஆகாது என்று வெகுகாலம் சொல்லிவந்த இங்கிலீஷ் பண்டிதர்கள், அதுவும் நல்லதுதானோ என்று அப்போது எழுத ஆரம்பித்திருந்தார்கள். சென்னையில் என் பேராசிரியர் கப்பலில் வரும் சட்டப் பத்திரிகைகளில் அதைப் படித்துவிட்டுத் தலைகால் புரியாமல் இருந்தார். அந்த நேரம் பார்த்து திருத்தணிப் பக்கம் சென்னை ராஜ்யத்துக்கும் சத்தியவேட்டுப் பக்கம் ஆந்திராவுக்கும் போயின. ஒரே ஊர், நேற்று ஒரு சர்க்கார், இன்று ஒரு சர்க்கார். ஒப்பிட இதைவிட என்ன வேண்டும், நீ சித்தூர்க்காரன்தானே, போய்ப் பார் என்றார். எந்த ஆபீசுக்குப் போவதென்று தெரியாமல் ஜனங்கள் கஷ்டப்படுகிறார்கள் சார் என்றேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"கஷ்டம் உன் தலைப்பு இல்லப்பா. மேல்முறையீடுதான் உன் தலைப்பு."

பஸ்ஸில் படித்தது

சித்தூரில் ஒரு கல்வி ஆபீசின் வராந்தாவில், மாறிவந்த ஊர்களின் காகிதக் கட்டுகள் மழைச்சாரலில் கிடந்தன. பக்கத்து பெஞ்சில் எஸ்தர் டீச்சர் உட்கார்ந்திருந்தார். மிஷன் டிரெயினிங் ஸ்கூலில் படித்தவர். சத்தியவேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்து ஓராசிரியர் பள்ளியில் பதினோரு வருஷமாகப் பாடம் நடத்தியவர். ஊர் ஆந்திராவுக்கு வந்த மூன்றாம் மாதம் அவருக்கு ஓர் உத்தரவு வந்தது. 'நிர்வாக நலனை முன்னிட்டு உங்கள் பணி முடிக்கப்படுகிறது.' அவ்வளவுதான். ஏன் என்று இல்லை. யாரிடம் முறையிடலாம் என்றும் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள்.

உத்தரவு தெலுங்கில் இருந்தது. டீச்சருக்குத் தெலுங்கு பேசவரும், படிக்க வராது. சம்பள விஷயமோ என்னவோ என்று புத்தூர் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். அவன் வழக்கமாக ஊர்ப்பெயர் கூவுகிற குரலிலேயே படித்துவிட்டான். பஸ்ஸில் அவர் மாணவர்களின் தாய் தகப்பன்மார் இருந்தார்கள். இதை என்னிடம் சொல்லும்போது டீச்சர் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"நான் இன்னா தப்பு பண்ணேன்னு எல்லாரும் கேட்டாங்க தம்பி. எனக்கே சொல்லல, நான் அவங்களுக்கு இன்னான்னு சொல்றது?"

இன்வர்டு நம்பர்

டீச்சரோடு, எல்லை மாறுமுன் அவர் ஊர் இருந்த சென்னை ராஜ்யத்துப் பழைய ஜில்லா ஆபீசுக்குப் போனேன். உங்கள் ஊரே இப்போது எங்களுடையது இல்லை, மனுவை வாங்க அதிகாரம் இல்லை என்றார்கள். சித்தூருக்குத் திரும்பினோம். பழைய ஜில்லா அனுப்பிய ஆசிரியர் பட்டியலில் இந்தம்மா பெயர் இல்லை, ஆகவே இவர் எங்கள் ஆசிரியரே இல்லை, எங்களிடம் முறையிட முடியாது என்றார் அதிகாரி. உங்கள் ஆசிரியர் இல்லாதவரை நீங்கள் எப்படி நீக்கினீர்கள் என்று கேட்டேன். அது வேறு செக்‌ஷன் என்றார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. நோட்டைப் பிரித்து, ஒருவரைக் கேட்காமல் தண்டிக்கக் கூடாது என்று இங்கிலாந்துக் கோர்ட்டுகள் காலங்காலமாகச் சொல்லிவருவதைப் பக்கம் பக்கமாகப் படித்தேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, வருகிற தபாலுக்கு நம்பர் போடும் ரிஜிஸ்தரைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, தெலுங்கு கலந்த தமிழில், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப் போல, கேட்டார்:

"அந்தத் தீர்ப்பு நம்ம ஆபீசுக்கு வந்துச்சா? இன்வர்டு நம்பர் என்ன?"

குமாஸ்தா சொன்னது

அந்த ஆபீசிலேயே ஒரு வயதான குமாஸ்தா இருந்தார். நகரிப் பக்கத்துத் தமிழர். ஒருநாள் டீக்கடையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். பட்டியலில் ஒரு பக்கமே வரவில்லை. பக்க நம்பர் தாவியிருப்பது எல்லாருக்கும் தெரியும். பெயர் இல்லாதவர்களுக்கு என்ன செய்வதென்று மேலே கேட்டால் நாலு கேள்வி வரும். அதனால் எல்லாருக்கும் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அதையாவது உத்தரவில் எழுதியிருக்கலாமே என்றேன். டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"காரணம் எழுதினா, தப்பு யாருதுன்னும் எழுதணும் சார்."

உதாரணம் இரண்டு

திருப்பதியில் ஒரு கல்லூரி மண்டபத்தில் சட்ட ஆசிரியர்களின் கூட்டம். பேராசிரியர் என்னைக் கட்டுரை படிக்க வைத்தார். நேரில் பார்த்துவிட்டு வந்து எழுதிய முதல் கட்டுரை என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். டீச்சரைப் பெயர் சொல்லாமல் 'உதாரணம் இரண்டு' என்று குறிப்பிட்டிருந்தேன். இதே உத்தரவு பிரான்சில் போடப்பட்டிருந்தால், விளக்கம் கேட்காமல் நீக்கியதற்காகவே அங்குள்ள தனிக் கோர்ட்டு அதை ரத்து செய்திருக்கும் என்று முடித்தேன். கைதட்டினார்கள். கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைப்பானேன்.

பின்வரிசையிலிருந்து உதாரணம் இரண்டு எழுந்து நின்றார். மேலதிகாரி ஒருவரைப் பார்க்கத் திருப்பதிக்கு வந்தவர், நான் பேசுகிறேன் என்று கேள்விப்பட்டு வந்திருந்தார். பேராசிரியர், கூட்டத்தாருக்கு மட்டும்தான் கேள்வி நேரம் என்று சொல்லப் பார்த்தார். டீச்சர் அவரைத் திரும்பியே பார்க்கவில்லை. வகுப்பில் பாடம் ஒப்பிக்காத பையனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"பிரான்சுல இருந்தா எனக்கு வேலை கிடைச்சிருக்கும்னு சொன்னீங்க தம்பி, சந்தோஷம். நான் சத்தியவேட்டுல இருக்கிறேன். எனக்கு இன்னா பண்ணப்போறீங்க?"

ஒட்டிக்கிடந்த தாள்

அன்றைக்கு என்மேல் எனக்கு வந்த கோபம், அந்த அதிகாரி மேல் வந்ததைவிடப் பெரிது. மறுவாரமே பழைய ஜில்லா ஆபீசுக்குப் போனேன். ஆராய்ச்சி மாணவன் என்று காட்டுகிற கடிதத்துக்கு அன்றுதான் உருப்படியான வேலை வந்தது. ரிக்கார்டு ரூமில் பட்டியலின் மூலத்தைத் தேடி ஒன்பது நாள் உட்கார்ந்தேன். ஆறாம் பக்கம் ஈரத்தில் ஐந்தாம் பக்கத்தோடு ஒட்டிக் கிடந்தது. சித்தூருக்கு அனுப்ப நகல் எடுத்தவர் அதைப் பார்க்காமலே தாண்டியிருக்கிறார். எஸ்தர் டீச்சரோடு சேர்த்து ஏழு பெயர். ஏழு பேரையும் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அதில் ஒருவர் அதற்குள் இறந்தே போயிருந்தார்.

முத்திரை வைத்த நகலோடு டீச்சரும் நானும் திரும்பத் திரும்பச் சித்தூர் போனோம். வேலை போய்ப் பதினான்காம் மாதம் அவரைத் திரும்ப வேலையில் சேர்த்து உத்தரவு வந்தது. நான் கிராமத்துக்குப் போய்ப் பார்த்தேன். பிள்ளைகளில் பாதிப் பேர்தான் திரும்பியிருந்தார்கள். மற்றவர்கள் மாடு மேய்க்கப் பழகிவிட்டார்கள். டீச்சர் சாயங்காலங்களில் வீடு வீடாகப் போய் அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜெயித்துவிட்டோம் டீச்சர் என்றேன். புதிய உத்தரவை எடுத்து என் கையில் கொடுத்தார். அதுவும் ஒரு வரிதான்.

"வேலையை எடுத்தப்பவும் ஏன்னு சொல்லல, குடுக்கசொல்லவும் ஏன்னு சொல்லல. மறுபடி எடுக்க எவ்ளோ நேரமாவும் தம்பி?"

பதினான்கு மாதம் எஸ்தர் டீச்சருக்கு எந்த ஆபீசும் எழுதித் தராத காரணத்தை நான் நாற்பது பக்கத்தில் விளக்கி டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டேன்.