அம்மாவின் பிடி

தோள்வலி போகத் தண்ணீர்ப் போத்தல்களைத் தூக்கி இறக்கச் சொன்னார் வைத்தியர். பத்தாவது தடவையில் கை நடுங்கியது. அப்படி நடுங்கிய அம்மாவின் கை நினைவுக்கு வந்தது.

டயகம தேயிலைத் தோட்டத்தில் இருந்தபோது எனக்கு ஏழு வயது. அடைமழையில் ஓடையைக் கடக்கும்போது வெள்ளம் என்னை இழுத்தது. அம்மா ஒரு கையால் என்னையும், மறுகையால் கரையோரத் தேயிலைச் செடியையும் பிடித்துக்கொண்டார். தினமும் பீலியில் கொட்டும் தண்ணீரைக் குடம் குடமாகப் பிடித்து, மேட்டிலிருந்த லய வீட்டுக்குத் தூக்கிவந்து உரமேறிய கைகள்.

"பயப்படாத பாப்பா, விடமாட்டேன்."

ஆட்கள் கயிற்றோடு வரும்வரை பிடி தளரவில்லை. கரையேறிய பிறகுதான் அந்தக் கை நடுங்கியது. மறுநாள் காலையில் கொழுந்து பறிக்கப் போய்விட்டார்.

போத்தலை வைத்துவிட்டு அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"அன்னைக்கு எவ்வளவு நேரம்மா புடிச்சிருந்தீங்க?"

"நேரத்த யாரு பாத்தா? ஒன் மொகத்தத்தான் பாத்தேன்."