சாமி மடியில் உட்காராதே

அமெரிக்காவில் சிலை வேறு, சாமி வேறு என்று என் அம்மாவுக்கு யார் புரியவைப்பது? நானும் தங்கச்சியும் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

தங்கச்சி சிக்காகோவில் வயசான ஒரு வெள்ளைக்காரம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள். கொழும்பில் வேலைக்கு நின்ற வீட்டுக்காரர்களோடு போனவள். அவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். இவள் விசா முடிந்தும் அங்கேயே தங்கிவிட்டாள். ஊருக்கு வந்தால் மறுபடி போக முடியாது. காலையில் அந்த வெள்ளைக்காரம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துப் பூங்காவுக்குத் தள்ளிக்கொண்டு போவாள். அங்கே வைஃபை சும்மா கிடைக்கும். எங்கள் தோட்டத்து லயத்து வீட்டில் அது விளக்கு வைக்கிற நேரம். தினமும் வீடியோவில் வருவாள்.

அந்த ஊரில் தெருவுக்குத் தெரு சிலை. ஒருநாள் வளைந்து நெளிந்து வானத்துக்கு நின்ற சிவப்பு இரும்பு ஒன்றைக் காட்டினாள்.

"எந்த பேக்டரி இடிஞ்சு விழுந்துச்சு?" என்று அம்மா கேட்டாள். ஆயுசு முழுக்க ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவளுக்கு வேறென்ன தோன்றும்.

பூங்காவில் தங்கச்சி நின்று பேசுகிற இடத்தில் ஒரு வெண்கலப் பொம்பளை உட்கார்ந்திருந்தாள். பெரிய உருவம். கைகள் இரண்டும் முழங்காலில், மடி வெறுமையாக. பிள்ளைகள் அந்த மடியில் ஏறி விளையாடும். ஒருநாள் கால் வலிக்கிறது என்று தங்கச்சியும் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அம்மாவுக்கு வந்ததே கோபம்.

"ஏய், எந்திரி. செருப்புக் காலோட சாமி மடியிலயா உக்காருவ?"

"சாமி இல்லம்மா. அழகுக்கு வச்சிருக்காங்க."

"ஒனக்கு என்ன தெரியும்? ஊருக்கு நடுவுல ஒரு பொம்பளைய சும்மாவா உக்கார வப்பாங்க?"

எங்களுக்குத் தெரிந்த சிலைகள் தோட்டத்து மேல்கணக்குக் கோயில் மாரியம்மனும், சந்தியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற புத்தரும்தான். இரண்டு இடத்திலும் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுவாள். அன்றிலிருந்து தங்கச்சி பக்கத்தில் நின்றே பேசினாள்.

அதோடு விட்டாளா அம்மா? அந்த வெண்கலத்துக்கு நேர்ந்துகொண்டாள். "நீ வீடு வந்து சேரணும்னு அந்தம்மாவுக்குச் சேலை நேந்திருக்கேன். தபால்ல அனுப்புறேன். பொறப்படுற அன்னைக்குச் சாத்திட்டு வா."

தங்கச்சி சிரித்தாள். பிறகு போன் கொஞ்ச நேரம் வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

மூச்சிரைப்போடு என்னை யட்டியாந்தோட்டை டவுனுக்கு இழுத்துக்கொண்டு போனாள் அம்மா. மஞ்சளில் சிவப்புக் கரை போட்ட சேலை எடுத்தாள். வீட்டில் கல்யாணமா என்று கடைக்காரப் பெண் சிங்களத்தில் கேட்டாள். "துவ எனவா" என்றாள் அம்மா. மகள் வருகிறாளாம். எனக்கு எரிச்சலாக வந்தது. அழுகையும் வந்தது. இல்லாத பயணத்துக்கு எதற்குச் சேலை என்று வழி முழுக்க ஏசிக்கொண்டே வந்தேன். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கச்சி வரவில்லை. சேலையும் போகவில்லை. தை மாதம் அம்மா போய்விட்டாள்.

தூக்குவதற்கு முன்னால் மகள்மார் கோடிச் சேலை போர்த்த வேண்டும். நான் போர்த்தினேன். "சின்னவ கோடி எங்க?" என்றார் தாய்மாமன். உள்ளே போய் அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்த மஞ்சள் சேலையை எடுத்து வந்தேன். "இது அவளோடது" என்று சொல்லி அம்மா மேல் விரித்தேன். சாமிக்கு நேர்ந்ததை எடுத்த பாவம் என் தலையில் விடியட்டும்.

என் வீட்டுக்காரர் தங்கச்சி பார்க்கப் போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். அங்கே இன்னும் விடியவில்லை. வீட்டில் அழுதால் வெள்ளைக்காரம்மா எழும்பிவிடும் என்று தங்கச்சி பூங்காவுக்கு வந்திருந்தாள். தெருவிளக்கு வெளிச்சத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. சேலையை விரித்ததைப் பார்த்தாள். வெண்கலப் பொம்பளையின் மடியில் கிடந்த பனியைக் கையால் தள்ளிவிட்டு, அதில் ஏறி உட்கார்ந்தாள்.

"அம்மா, பாரு. சாமி மடியில உக்காந்துட்டேன். செருப்பக்கூட கழட்டல. ஏசும்மா."

போனை வாங்கி அம்மாவின் காதோரம் வைத்தேன். சவப்பெட்டியை மூட வந்தவர்கள் கொஞ்ச நேரம் நின்றார்கள்.

"ஏசும்மா" என்றாள் மறுபடியும்.