மூன்றாவது மாடி பிரிண்டர்

இது நடந்தது. ஜாபேஸ் கதை கட்டுகிற ஆள் இல்லை. சின்னப் பொய்க்கே மூன்று முறை தொண்டையைக் கனைப்பான். 2006 ஜூலை, வியாழக்கிழமை, பட்டப்பகல். திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அங்கே அவன் போனது அதுதான் முதல் தடவை.

துபாயில் வேலை உறுதியாகியிருந்தது. மறுநாள் காலை சென்னை ஏஜென்ட் கையில் அனுபவச் சான்றிதழ் இருக்க வேண்டும். சித்தூரில் அவனுடைய முதலாளி அண்ணாதுரை அதைப் பிடித்து வைத்திருந்தார். "ஆஸ்பத்திரி வேலைய முடிச்சு கையெழுத்து வாங்கிக்கினு வா. அப்பதான் லெட்டர்." கையெழுத்துப் போட வேண்டிய ஆஸ்பத்திரி கிளார்க் நாகபூஷணம் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார்.

கம்ப்யூட்டர் கீழே. பிரிண்டர் மூன்றாவது மாடி ரெக்கார்டு ரூமில். ஜாபேஸ் பார்க்கும் கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் ஒரு சோம்பேறித்தனம் உண்டு. யாரும் மாடி ஏற மாட்டார்கள். இன்டர்காமில் கூப்பிட்டு, எடுக்கிறவரையே ஒயரைப் பிடுங்கிச் செருகச் சொல்வார்கள். ஜாபேஸும் அப்படித்தான்.

மணி 3.40. பிரிண்டரிடமிருந்து பதில் இல்லை. இன்டர்காமை அழுத்தினான். உடனே எடுத்தார்கள்.

"சொல்லு நைனா." ஒரு பெண் குரல்.

"ஆயாம்மாவா? பிரிண்டர்ல பச்சை லைட் எரியுதா?"

"இங்க ஒரே இருட்டா கீது."

பட்டப்பகல் வெயிலில் இருட்டா? அவன் யோசிக்கவில்லை. அவசரம்.

"பவர் பிளக்க நல்லா அழுத்துங்க."

சொட்... சொட்... தண்ணீர் சத்தம்.

"கை ஈரமா கீது நைனா. தரை தொடச்சிக்கினு இருந்தேன்."

"பரவால்ல. அழுத்துங்க."

"...அழுத்தட்டா?"

"அழுத்துங்கம்மா!"

ட்டக்.

மணி 3.42.

திரையில் பிரிண்டரின் பதில் வந்தது. ஒரு வரி... இன்னொரு வரி... நிற்காமல்...

"தேங்க்ஸ் ஆயாம்மா."

மறுமுனையில் போனை வைக்கவில்லை.

சொட்...

அவனை மேலே கூட்டிப்போக நாகபூஷணம் ரெக்கார்டு ரூம் சாவியோடு வந்தார்.

"சாவி எதுக்கு? உள்ள ஆள் கீதே."

அவர் அவனை ஒரு மாதிரி பார்த்தார்.

மூன்றாவது மாடியில் பூட்டிய கதவு திறந்தது. ஜன்னல்கள் அடைத்துக் கிடந்தன. தரை முழுக்கத் தூசி. காலடித் தடம் ஒன்றுகூட இல்லை.

பிரிண்டர் பெட்டிக்குள் இருந்தது. ஒட்டிய டேப் பிரிக்கவே இல்லை.

சுவரில் பிளக் இருந்த இடத்தில் பலகை வைத்து ஆணி அடித்திருந்தார்கள்.

ஜாபேஸுக்குப் பயம்கூட வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. பெட்டியைப் பிரித்தான். வராந்தா பிளக்கிலிருந்து ஒயர் இழுத்து மாட்டினான். பிரிண்டர் ஓடியது. போனில் பேசிய ஆயாம்மாவைப் பற்றி அவன் சொன்னதையெல்லாம் நாகபூஷணம் கேட்டுக்கொண்டார்.

4.55. வேலை முடிந்ததற்கான பேப்பரை மேசைமேல் வைத்துக்கொண்டு அவர் மெல்லப் பேசினார்.

"செங்கம்மான்னு ஒரு ஆயாம்மா, ஜாபேஸ் காரு. செத்து மூணு வருஷமாச்சு. அந்த ரூம்லதான். ஈரக் கை, கரண்ட் அடிச்சிருச்சு. கம்ப்யூட்டர் ஆளு ஒருத்தன் கீழருந்து போன்ல பிளக்க அழுத்தச் சொன்னான். 'அழுத்தட்டா'ன்னு அது ரெண்டு தடவ கேட்டுச்சாம். நர்சம்மா கூட இருந்தாங்க, சொன்னாங்க."

"அந்த ஆளு?"

"மேல ஏறி வந்து பாக்கவேயில்ல. அன்னிக்கே கையெழுத்து வாங்கிக்கினு போய்ட்டான். இப்ப வெளிநாட்டுல கீறானாம்."

நாகபூஷணம் பேனாவைத் திறந்தார்.

"எங்க போடணும்?"

ஜாபேஸ் விரலால் இடத்தைக் காட்டினான்.