கட்டிலில் படுத்த கரி

மட்டாஞ்சேரி படகுத்துறைக்குப் போகிற சந்தில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறை வீடொன்றில், ஒரு தேக்குக் கட்டில் இருந்தது. மாயம்மாளுக்குச் சீராக அவளுடைய அப்பா உசிலம்பட்டியிலிருந்து அனுப்பி வைத்த கட்டில். அதில் பத்து வருஷமாகக் கரி படுத்திருந்தது. கட்டிலுக்குச் சொந்தக்காரர்களான ஒச்சப்பனும் மாயம்மாளும் தரையில் படுத்தார்கள்.

கரி என்றால் சிரட்டைக்கரி, மூன்று சாக்கு. அடியில் பாய், மேலே ஜமுக்காளம். ஜூன் பிறந்துவிட்டால் ஜமுக்காளத்துக்கு மேல் ஒரு கம்பளியும் ஏறும். வருகிறவர்கள் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

மாயம்மாள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேட்பாள்: "கல்யாணம் ஆனது எனக்கா, கரிக்கா?"

ஒச்சப்பன் பொறுமையாக விளக்குவார்: "தரையில படுத்தா நமக்குச் சளி பிடிக்கும். அதுக்கு மருந்து இருக்கு. கரிக்குச் சளி பிடிச்சா மருந்து கெடையாது மாயி."

இந்த அறிவு அவருக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. பட்டு வந்தது.

எழுபத்தொன்றாம் ஆண்டு, மிளகுக் கிட்டங்கியில் மூட்டை தூக்க வந்தவர் ஒச்சப்பன். சாயங்காலப் படகில் இறங்குகிற ஜனங்கள் பசியோடு இறங்குவதைப் பார்த்தார். ஒரு பழைய எண்ணெய்ப் பீப்பாயை நெடுக்காக அறுத்து, இரண்டு பாதியையும் முனைக்கு முனை நீளமாக இணைத்து, கைவண்டிச் சக்கரம் இரண்டை மாட்டி, மேலே கம்பி வலையைப் போட்டு, படகுத்துறையில் அயிலை மீன் சுட ஆரம்பித்தார். வெயில் காலம். கரி பற்றியது, மீன் வெந்தது, ஜனங்கள் தின்றார்கள். அதைக் கண்டு சாயாக்கடை நல்லசிவம் தன் புதுக் கடைத் திறப்புக்கு நூறு மீன் சொல்லிவைத்தார். அந்த நாள் ஜூன் மாதத்தில் வந்தது. மழையும் அதே நாளில் வந்தது.

இங்கே வாசகர்கள் ஒச்சப்பனின் பூர்வீகத்தைக் கருணையோடு கவனிக்க வேண்டும். அவர் ஊரில் மழை பெய்தால் வீட்டுக்குள் ஓடுகிற வழக்கம் கிடையாது. வெளியே வந்து நிற்பார்கள். எதையும் மூடிவைக்க மாட்டார்கள். மூடுகிற அளவுக்கு அது என்றைக்குப் பெய்தது? முதல் தூறல் விழுந்ததும் ஒச்சப்பன் சந்தின் நடுவில் வந்து, இரண்டு கையையும் விரித்து, முகத்தை நிமிர்த்தி, வாயைத் திறந்துகொண்டு நின்றார். பக்கத்தில் கரிச்சாக்கும் வாயைத் திறந்துகொண்டு நின்றது. இரண்டு வாயும் நிறைந்தன.

அன்றைக்கு அடுப்பிலிருந்து வந்த புகையில் படகுக்காரன் துறை தெரியாமல் இன்னொரு சுற்று சுற்றி வந்தான் என்று சொல்வார்கள். மண்ணெண்ணெய் ஊற்றி ஒருவழியாகப் பற்றவைத்த தீயில் வெந்த மீன், மண்ணெண்ணெயாகவே மணத்தது. நல்லசிவம் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டார், துப்பினார், பெயர் வைத்தார்: நனைஞ்ச கரி.

தமிழனுக்கும் மலையாளிக்கும் ஒருசேரப் புரிகிற பெயர் என்பதால் அது வேகமாகப் பரவியது. மாமனார் 'ஒச்சப்பன், மட்டாஞ்சேரி' என்று விலாசம் எழுதிய கடிதங்கள் வந்து சேர ஒரு வாரம் ஆனது. யாரோ விளையாட்டாக 'நனைஞ்ச கரி' என்று எழுதிப் போட்ட கடிதம் மறுநாளே வந்தது. இதையெல்லாம் ஒச்சப்பன் தாங்கிக்கொண்டார். தண்ணீர்க் குழாயடியில் மாயம்மாளைப் பார்த்து, "நனைஞ்ச கரி வீட்டம்மா, குடத்தைத் தள்ளி வைங்க" என்று ஒருத்தி சொன்னதைக் காதால் கேட்ட நாளில்தான் தாங்கவில்லை. இந்தப் பெயரை இந்த ஊரிலேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் மறு வேலை என்று முடிவெடுத்தார்.

அதற்கப்புறம் நடந்தது பத்து வருஷ ஆராய்ச்சி. சம்பளம் கிடையாது, நாற்காலி கிடையாது, அடிக்கடி இருமல் மட்டும் உண்டு. ஆராய்ச்சியின் முடிவுகளை அவர் எங்கும் அச்சிடவில்லை. யார் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். பதினோரு மணிக்கு மேல் கடற்காற்று மேற்கிலிருந்து எழும்பும், பொழுது சாயும்போது படுத்துவிடும். அடுப்பின் தலைமாட்டில் காற்று மோதினால் ஒரு முனையில் மீன் கருகும், மறு முனையில் மீன் பச்சையாகவே படுத்துக்கிடக்கும். ஆகவே அடுப்பின் விலாவில் காற்று வாங்க வேண்டும். ஜனவரியில் கிழக்கேயிருந்து வறண்ட காற்று வரும், அப்போது கரி எரியாது, ஓடிப்போய்விடும். ஒரு சாக்கு போகிற இடத்தில் ஒன்றரை போகும். புழுக்கமான நாளில் சாம்பல் பறக்காமல் கரியின்மேல் போர்த்திக்கொள்ளும், உள்ளே நெருப்பு மூச்சு முட்டிச் சாகும்.

கருவிகளும் இருந்தன. ஒரு உப்பு டப்பா. உப்பு கசிந்தால் காற்றில் ஈரம். இரண்டு கரித்துண்டு, ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்த கரி கிணுங்கென்று சொல்லும், ஈரக்கரி தொப்பென்று சொல்லும். அடுப்புக்குச் சக்கரம் இருந்ததால் காற்று திரும்பினால் அடுப்பும் திரும்பும். காற்று எப்படித் திரும்பினாலும் புகை மட்டும் படகிலிருந்து இறங்குகிறவர்களின் மூக்குக்கே போகும்படி அவர் அடுப்பை நிறுத்துவார். விளம்பரத்துக்கு அவர் செய்த செலவு அவ்வளவுதான்.

இவ்வளவு இருந்தும் பெயர் மாறவில்லை. மட்டாஞ்சேரியில் ஒருவனுக்கு வைத்த பெயரை லேசில் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

ஒச்சப்பனை மதித்த ஒரே ஆள் மிளகுத் தரகர் முகமது இஸ்மாயில். அவர் மிளகைக் கடித்தே அதில் எவ்வளவு ஈரம் என்று சொல்கிறவர். ஒருநாள் படகுக்காக நின்றவர், ஒச்சப்பன் கரியைத் தட்டிக் காதில் வைத்துக் கேட்பதைப் பார்த்தார். படகைத் தவறவிட்டார். அடுத்த படகு வருவதற்குள் இரண்டு பேரும் ஈரத்தைப் பற்றி அவ்வளவு பேசியிருந்தார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஜூன் மாதம், இஸ்மாயில் வீட்டில் புது மாப்பிள்ளை விருந்து. ஆலப்புழையிலிருந்து சம்பந்தி வீட்டார் அறுபது பேர். பிரியாணிக்கு வேறு ஆள். நூற்றிருபது அயிலையைக் கரியில் சுட்டு வைக்கும் பொறுப்பு ஒச்சப்பனுக்கு. "வேற ஆளே கிடைக்கலையா?" என்று எல்லாரும் கேட்டார்கள். இஸ்மாயில் யார் பேச்சையும் கேட்கவில்லை. ஒச்சப்பனுக்குத் தெரியும்: அன்றைக்குக் கரி பற்றாவிட்டால் அந்தப் பெயர் ஆலப்புழை வரைக்கும் போகும், இந்த ஜன்மத்தில் திரும்பி வராது.

விருந்தன்று காலையில் அவர் உப்பு டப்பாவைத் திறந்தார். உப்பு அழுதுகொண்டிருந்தது.

சாயாக்கடையில் நல்லசிவம் பேப்பரைப் பிரித்து வைத்திருந்தார். விருந்துக்குச் சாயா போடுவதும் அவர்தான். "மழைக்கு இன்னும் நாலு நாள் இருக்குன்னு போட்டிருக்கான் ஒச்சப்பா. பயப்படாதே."

"பேப்பர்க்காரன் டப்பாவைத் திறந்து பாத்தானாமா?"

நேரே இஸ்மாயிலிடம் போனார். "இக்கா, இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள மழை. முற்றத்துல அடுப்புக்கு மேல தகரம் வேணும்."

இஸ்மாயில் சட்டைப்பையிலிருந்து ஒரு மிளகை எடுத்துக் கடித்தார். சிறிது நேரம் மென்றார். "குருமிளகும் அதே பறையுது. பட்சே இன்னைக்கு வெள்ளியாழ்ச்ச. தகரக்கடை ஒண்ணும் தொறக்காது. தகரத்துக்கு எவிடெ போகும்?"

"அதை நான் பாத்துக்கறேன்."

மத்தியானம் இஸ்மாயில் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து மாயம்மாள் மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தாள். ஒச்சப்பன் கைவண்டியில் நான்கு தகரம் கொண்டுவந்து இறக்கினார். அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இந்தத் தகரத்தை எங்கயோ பாத்திருக்கேனே."

"தகரம்னா எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும்."

"மூலையில தார் வச்சு அடைச்சிருக்கு. போன வருஷம் ஏணியில ஏறி நான்தானேய்யா அடைச்சேன்?"

ஒச்சப்பன் தகரத்தை எண்ணுகிறவர் போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "நாலுதான் எடுத்தேன் மாயி. கட்டிலுக்கு மேல இருக்கிற தகரத்தைத் தொடலை."

மாயம்மாள் அடுத்த மீனை எடுத்து, அதன் வயிற்றுக்குள் மசாலாவைத் தேவைக்கு மேலேயே அழுத்தித் திணித்தாள்.

நான்கு மணிக்குச் சம்பந்தி வீட்டார் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். பிரியாணி தயார். கட்டிலில் இருந்த மூன்று சாக்கிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவந்த கரியும் பற்றியாகிவிட்டது. ஆனால் காற்று செத்துவிட்டது. தென்னை ஓலை ஒன்றுகூட அசையவில்லை. கரியின்மேல் சாம்பல் வெள்ளையாகப் போர்த்திக்கொண்டது. வானத்தில் மழைக்கான அடையாளமும் இல்லை. ஒச்சப்பன் மீனைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நல்லசிவம் சாயாத் தட்டோடு அந்தப் பக்கம் வந்தார். "என்ன ஒச்சப்பா, நனைஞ்சிடுச்சா?"

"நனையலை. காத்துக்குக் காத்திருக்கு."

"விசிறியை எடுத்து வீசேன். நானும் ஒரு கை பிடிக்கிறேன்."

"ஆறடி அடுப்பு அண்ணாச்சி. நீங்க இந்த முனையில வீசினா அந்த முனை தூங்கும். வெந்த மீன் பாதி, வேகாத மீன் பாதின்னு சம்பந்திக்கு வைக்கவா?"

கால் மணி நேரம் போனது. இஸ்மாயில் வெளியே வந்தார். முகத்தில் வேர்வை. "எந்தா ஒச்சப்பா, மாப்பிள வீட்டுக்கார் வந்து அர மணிக்கூராச்சு. மீன் எப்ப?"

"மழைக்கு முன்னாடி ஒரு காத்து வரும் இக்கா. அது வந்தா மூணு ஈடு. பத்துப் பத்து நிமிஷம்."

"வரல்லெங்கில்?"

ஒச்சப்பன் மீன்களின் பக்கம் திரும்பினார். நூற்றிருபது மீன் வரிசையாகப் படுத்து அவரையே பார்த்தன. பத்து வருஷத்துக்கு முன்னால் துப்பப்பட்ட அந்த ஒரு துண்டு மீனும் எங்கிருந்தோ அவரைப் பார்த்தது. உப்பு பொய் சொன்னால் என்ன செய்வது என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக யோசித்தார். பேப்பர்க்காரன் தப்பாகச் சொன்னால் மறுநாள் வேறு சொல்லலாம். அவருக்கு அந்த வசதி இல்லை.

கொல்லையில் கட்டியிருந்த கொடியில் ஒரு வேட்டியின் முனை லேசாக அசைந்தது. தென்மேற்கிலிருந்து.

"மாயி, பிடி."

இரண்டு பேருமாக அடுப்பை உருட்டி அதன் விலாவைக் காற்றுக்குக் கொடுத்தார்கள். தகரத்தைக் கம்பு கொடுத்து, காற்று வரும் பக்கம் தாழ்வாகச் சாய்த்து நட்டார்கள். அடியில் காற்று நுழையலாம், மேலிருந்து மழை நுழையக் கூடாது. நட்டு முடிப்பதற்குள் காற்று வந்துவிட்டது. சாம்பல் போர்வை ஒரே வீச்சில் பறந்து நல்லசிவத்தின் சாயாவில் விழுந்தது. ஆறடிக் கரியும் முனைக்கு முனை ஒரே சிவப்பாகக் கண் திறந்தது. நாற்பது மீன் ஏறியது. மாயம்மாள் திருப்பத் திருப்ப ஒச்சப்பன் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். இரண்டாவது ஈடு இறங்கும்போது மேற்கே வானம் கருத்துவிட்டது. மூன்றாவது ஈடு ஏறிய நொடியில் மழை கொட்டத் தொடங்கியது. தகரம் செண்டை மேளம் போல அதிர்ந்தது. அடியில் மீன் அதுபாட்டுக்கு வெந்தது. ஒச்சப்பன் மட்டும் முழுக்க நனைந்தார். கரியில் ஒரு சொட்டு விழவில்லை.

மாப்பிள்ளையின் வாப்பா மூன்றாவது மீனை முடித்துவிட்டு, விரலைச் சூப்பிக்கொண்டு கேட்டார்: "ஈ மழையத்து இது யாரு சுட்டது? பேரெந்தா?"

நல்லசிவம் வாயைத் திறந்தார். இஸ்மாயில் அவரை ஒரு பார்வை பார்த்தார். திறந்த வாயில் நல்லசிவம் மீனைப் போட்டுக்கொண்டார்.

"ஒச்சப்பன்," என்றார் இஸ்மாயில்.

கதவோரம் சொட்டச் சொட்ட நின்ற ஒச்சப்பன், தன் பெயரை யாரோ புதிதாக வைத்தது போலக் கேட்டார்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மழை. ஒச்சப்பன் பெருமையில் நடந்தார், மாயம்மாள் பின்னால் தகர வண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கதவைத் திறந்தார்கள். கட்டிலுக்கு மேலிருந்த தகரம் அப்படியே இருந்தது. ஆனால் தகரம் இல்லாத மேற்குப் பக்கத்திலிருந்து காற்று மழையைச் சாய்த்து நேரே கட்டிலில் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தது. இஸ்மாயில் வீட்டு முற்றத்தின் காற்றை நிமிஷக் கணக்கில் அறிந்து வைத்திருந்த மனிதர், சொந்த வீட்டுக் காற்றை யோசிக்க மறந்துவிட்டார். கம்பளி, ஜமுக்காளம், மூன்று சாக்கு எல்லாம் ஊறிக் கறுப்புத் தண்ணீர் கட்டில் காலில் இறங்கிக்கொண்டிருந்தது.

ஒச்சப்பன் ஒரு துண்டை எடுத்து இன்னொன்றோடு தட்டினார். தொப்.

மாயம்மாள் முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "ஊரை விட்டு அந்தப் பேரு போயிடுச்சு. வீட்டுக்குள்ள வந்து படுத்துக்கிச்சு."

மறுநாள் காலை, பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்த இஸ்மாயில் இதைப் பார்த்தார். கரியில் ஒரு துண்டைக் கடித்தே பார்த்தார் என்று மாயம்மாள் சொல்வாள். மத்தியானத்துக்குள் கிட்டங்கி ஆட்கள் வந்து மூன்று சாக்கையும் தூக்கிப்போய் மிளகுக் கிட்டங்கியின் பலகைத் தளத்தில், சுவரோரம், மிளகு மூட்டைகளுக்குப் பக்கத்தில் அடுக்கினார்கள். "மிளகுக்கும் கரிக்கும் ஒரே சுகக்கேடு. ஒரே ஆஸ்பத்திரியில கிடக்கட்டே," என்றார் இஸ்மாயில். அன்று முதல் படகுத்துறை மீனில் லேசாக மிளகு வாசம் அடிக்கிறது என்று சொல்லி, தின்கிறவர்கள் இன்னும் ஒன்று கேட்டார்கள்.

கட்டில் வெயில் கண்ட மூன்றாம் நாள் காய்ந்தது. மாயம்மாள் அதை நான்கு தடவை கழுவினாள். கறுப்பு முழுக்கப் போகவில்லை. ஒரு பாயை விரித்துப் பட்டப்பகலில் அதில் ஏறிக் கை காலை நீட்டிப் படுத்தாள். ஒச்சப்பன் ஒரு தலையணையை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போனார்.

"நீ கீழயே படுய்யா," என்றாள் கண்ணைத் திறக்காமல். "பத்து வருஷமாப் பழகின இடம். மேல வந்தா உனக்குச் சளி பிடிச்சுக்கும்."