யாரு மேல சடவு?

எங்கள் பக்கம் சடவு என்றால் அலுப்பு. உறவுக்குள் வரும் மனத்தாங்கலும் சடவுதான். இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எங்கள் ஆட்கள் அப்பாவைப் படுத்திய பாட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அப்பா திருத்தங்கல் அச்சாபீஸில் மிஷின் ஓட்டியவர். கை நடுங்கத் தொடங்கி, பார்க்கின்சன் நோய் என்று மதுரையில் சொல்லி, மாத்திரையில் நடுக்கம் கொஞ்சம் மட்டுப்பட்டிருந்தது. ஆனால் ஆள் சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தார். சோறு இறங்கவில்லை. "நான் இருந்து என்னத்துக்கு?" என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். இப்படியே விட்டால் அப்பா நமக்கு இல்லை என்று பயந்து, சாத்தூரிலிருந்து ஓடி வந்தேன்.

என்னவென்று கேட்டால், "சடவா இருக்கும்மா" என்பார். அவ்வளவுதான், "யாரு மேல?" என்று வீடே கிளம்பிவிட்டது.

காரணத்தைச் சித்தப்பாதான் கண்டுபிடித்தார். அவர் மகள் கல்யாணப் பத்திரிகையில் அப்பா பேரைக் கீழே போட்டுவிட்டார்களாம். பத்திரிகை அடித்தே பிழைக்கிற ஊரில் அது கொலைக்குற்றம். பழத்தட்டோடு கூட்டமாக வந்து, கறிச்சோறு தின்றுகொண்டே பஞ்சாயத்துப் பேசினார்கள். நடுவில் சித்தப்பா தன் புதுச் செல்போனில் பட்டாசு லோடு பற்றிச் சத்தம் வேறு போட்டார். "அண்ணே, எங்க மேலதான் சடவுன்னு வாயத் தொறந்து சொல்லுங்க." அப்பாவின் வாயோரம் எச்சில் வடிந்துகொண்டிருந்தது. துடைக்க ஒரு கை நீளவில்லை. எல்லாக் கையும் எலும்பில் இருந்தது. "வீம்பு பிடிச்ச மனுசன்" என்று ஏப்பம் விட்டு எழுந்து போனார்கள். தூ!

அடுத்த முறை மதுரைக்குப் போனபோது சித்தப்பாவும் ஒட்டிக்கொண்டார். டாக்டர் கையைப் பார்த்துவிட்டு, "மனசு எப்படி இருக்கு?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா தேம்பித் தேம்பி அழுதார்.

"எங்க மேல சடவு சார்" என்று சித்தப்பா முந்திக்கொண்டார்.

அவரை வெளியே அனுப்பிவிட்டு, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று டாக்டர் ஒவ்வொன்றாக விசாரித்தார். பிறகு என்னிடம், "இது கோவமும் இல்ல, வீம்பும் இல்லம்மா. இந்த நோயோட சேர்ந்து வர்ற மனச்சோர்வு. இதுக்கும் வைத்தியம் இருக்கு" என்றார்.

புது மாத்திரை சேர்ந்தது. சில வாரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மெல்லச் சாப்பிட்டார், வாசலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்தார். கை மட்டும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

சித்தப்பா பல்லைக் காட்டிக்கொண்டு வந்தார். "என்னண்ணே, சடவு தீந்துச்சா?"

அப்பா பேப்பரைத் தாழ்த்தினார்.

"அப்ப எனக்கு யாரு மேலயும் சடவு இல்லலே. இப்பத்தான் உன் மேல சடவு. எந்திரிச்சுப் போ."